பாக் என்கிற அடங்காத ஊழியர்

யோஹான் செபாஸ்டியன் பாக் என்றதும் நினைவுக்கு வருவது, 1746-இல் ஹவுஸ்மன் என்ற ஓவியர் வரைந்த படம்தான். வெள்ளை விக், இரட்டைத் தாடை, கையில் இசைக் குறிப்பு எழுதிய காகிதம், உதட்டில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. இசைப் பண்டிதர்கள் அந்த முகத்தில் தெய்வீகச் சிந்தனையைக் காண்கிறார்கள். அவர் எழுதிய கடிதங்களையும், அவரைப் பற்றி மேலிடம் எழுதி வைத்த குறிப்புகளையும் படித்துவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். சம்பள பாக்கி கேட்க வந்து வாசலில் நிற்கிற மனுஷனின் முகம் அது.

மேற்கத்திய இசையின் பிதாமகர் என்று போற்றுகிறவர்கள் போற்றட்டும், தப்பில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கு அவர் தீராத தலைவலி. லீவில் போனால் திரும்ப மாட்டார். மெமோ கொடுத்தால் பத்துப் பக்கத்துக்குப் பதில் மெமோ வரும். ராஜினாமாவை ஏற்க மறுத்தால் ஜெயிலுக்கே போவார், ஆனால் ராஜினாமாவை வாபஸ் வாங்க மாட்டார்.

1685 மார்ச் 21 அன்று, ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் ஐசனாக் என்ற ஊரில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். அந்த வட்டாரத்தில் பாக் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு வாத்தியம் வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால்தான் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். அப்பா, பெரியப்பா, தாத்தா, பங்காளிகள் என்று தலைமுறை தலைமுறையாக எல்லாரும் வாத்தியக்காரர்கள். அப்பா அம்ப்ரோசியுஸுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. கட்டிய மனைவிகளே அடையாளம் தெரியாமல் தடுமாறும் அளவுக்கு இருவரும் அச்சு அசல் ஒன்று. இத்தனை திறமையும் இருந்த குடும்பத்துக்குப் பெயர் வைப்பதில் மட்டும் கற்பனை வறட்சி. அண்ணன் யோஹான், தம்பி யோஹான், திரும்பிய பக்கமெல்லாம் யோஹான்.

ஒன்பது வயதில் அம்மா போனார். அடுத்த வருடம் அப்பாவும் போனார். பையன் ஓர்ட்ரூஃபில் ஆர்கன் வாசிப்பவராக இருந்த மூத்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். அண்ணனிடம் பெரிய வித்வான்களின் பாடங்கள் எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. கம்பிக் கதவு போட்ட அலமாரிக்குள் அது பூட்டிக் கிடந்தது. தம்பி ராத்திரியில் எழுந்து, இடுக்கில் பிஞ்சுக் கையை விட்டு, புத்தகத்தைச் சுருட்டி வெளியே இழுத்து, மெழுகுவத்திக்கு வழியில்லாததால் நிலா வெளிச்சத்திலேயே காப்பி அடித்தான். ஆறு மாதம்! முடித்த கையோடு அண்ணன் கண்டுபிடித்து, அத்தனை தாளையும் பறிமுதல் செய்துவிட்டார். பாக்கின் வாழ்க்கையில் எடுக்கப்பட்ட முதல் ஒழுங்கு நடவடிக்கை இதுதான்.

பதினைந்து வயதில் லூனெபர்க் பள்ளியில் இலவசமாகச் சேர்ந்து பாடினார். அங்கிருந்து ஹாம்பர்க்குக்கு நடந்தே போய், ரெயின்கென் என்ற கிழவர் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருவார். பிற்காலத்தில் பாக்கே சொல்லி மகிழ்ந்ததாக ஒரு கதை உண்டு. ஒரு முறை திரும்பும் வழியில் காசு தீர்ந்து, சத்திரத்து வாசலில் பசியோடு உட்கார்ந்திருந்தாராம். மேலே ஜன்னலிலிருந்து யாரோ இரண்டு மீன் தலைகளைக் குப்பையில் வீசினார்களாம். பொறுக்கிப் பிளந்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டேனிஷ் தங்கக் காசு! சாதாரண ஆள் நேராக வீட்டுக்குப் போயிருப்பான். இவர் அந்தக் காசில் சாப்பிட்டுவிட்டு, மீண்டும் ஹாம்பர்க்குக்குப் போய் ரெயின்கெனைக் கேட்டாராம்.

1703-இல், பதினெட்டு வயதில், ஆர்ன்ஸ்டாட் ஊரின் புதிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து ஆர்கன் ஒரு பெரிய இயந்திரம். மரத்திலும் உலோகத்திலும் ஆயிரக்கணக்கான குழல்கள், கைகளுக்கு இரண்டு மூன்று வரிசைக் கட்டைகள், கால்களுக்குத் தனிக் கட்டைகள். பின்னால் ஆள் நின்று துருத்தியை மிதித்தால்தான் காற்று வரும், காற்று வந்தால்தான் சத்தம் வரும். புது ஆர்கனைச் சோதிக்கக் கூப்பிட்டால், பாக் குழல் வரிசைகளைத் திறந்துவிடும் ஸ்டாப்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டு முழு பலத்தோடு வாசிப்பார். முதலில் இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா பார்ப்போம் என்பார். கட்டியவருக்கு அப்போதே வியர்த்துவிடும்.

ஆர்ன்ஸ்டாட்டில் அவருக்குக் கொடுத்த மாணவர் கோஷ்டி மட்டமானது. அதில் கையர்ஸ்பாக் என்ற பசூன்காரன் பாக்கைவிட மூன்று வயது மூத்தவன். அவன் வாசிப்பைப் பற்றி பாக் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டார். 1705 ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி, அவன் தடியோடு வந்து தெருவில் மறித்தான். பின்னாளில் மத்தேயுவின் பாடுகள் என்ற தேவாலய இசைப் படைப்பை எழுதி உலகத்தைக் கண்ணீர் விட வைக்கப் போகிற மகான் உடனே என்ன செய்தார்? இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். தேவாலய நிர்வாகம் விசாரணை வைத்தது. குறையுள்ள மனிதர்களோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று பாக்குக்கு உபதேசம் நடந்தது. மேலதிகாரி இப்படித் தத்துவம் பேச ஆரம்பித்தால், நல்ல பசூன்காரனைப் போட்டுத் தரப்போவதில்லை என்று அர்த்தம்.

பாக் லீவு கேட்டார். நான்கு வாரம். போன இடம் வடக்கே லூபெக். சுமார் 400 கிலோமீட்டர், நடைதான். அங்கே புக்ஸ்டெஹூடே என்ற ஆர்கன் மேதை இருந்தார். நான்கு வாரம் முடிந்தது, ஆள் வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, அப்போதும் வரவில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து ஒரு வழியாக வந்து நின்றார்.

லூபெக்கில் ஒரு சங்கதி இருந்தது. புக்ஸ்டெஹூடேயின் வேலைக்கு அடுத்து வருகிறவர் அவருடைய மகள் அன்னா மார்கரெட்டாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. புக்ஸ்டெஹூடேயே முந்தைய ஆர்கன்காரரின் மகளைக் கட்டித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். 1703-இல் இசையமைப்பாளர்கள் ஹாண்டெலும் மாத்தேசனும் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனார்கள், நிபந்தனையைக் கேட்டதும் ஹாம்பர்க்கைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். பாக்கும் இசையை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் ஷீஃபர்டெக்கர் என்ற புண்ணியவான் 1707-இல் பெண்ணையும் பதவியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்.

1706 பிப்ரவரியில் மறுபடி விசாரணை. இத்தனை நாள் எங்கே போனீர் என்ற கேள்விக்கு, கலையில் சில விஷயங்களைப் புரிந்துகொள்ளப் போனேன் என்றார். அடுத்த குற்றச்சாட்டு, பாட்டுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களையெல்லாம் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பது. பாவம், ஜனங்களுக்கு எந்த இடத்தில் சேர்ந்து பாடுவது என்றே தெரியவில்லை. முன்பு வாசிப்பு ரொம்ப நீளம் என்று மேற்பார்வையாளர் சொன்னதும், அடுத்த நாளிலிருந்து தொடங்குவதற்குள் முடித்துவிட்டார் என்பதும் அதே கோப்பில் இருக்கிறது. அந்த நவம்பரில் இன்னொரு புகார் வந்தது. ஆர்கன் மாடத்துக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்ணை ஏற்றிப் பாட வைத்தாராம். அது உறவுக்காரப் பெண் மரியா பார்பராவாக இருக்கும் என்று பலர் ஊகிக்கிறார்கள். எப்படியோ, அடுத்த வருடம் அக்டோபரில் பாக் மரியா பார்பராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அதற்குள் வேலை மாறியாகிவிட்டது. 1707-இல் மூல்ஹவுசன். சம்பளத்தோடு தானியமும் விறகும் மீனும் உண்டு. ஒரே வருடத்தில் அங்கேயும் ராஜினாமா. கடவுளுக்கு மகிமையாக ஒழுங்கான தேவாலய இசையை அமைப்பதே என் லட்சியம், அதற்கு இங்கே வழியில்லை என்று கம்பீரமாகத் தொடங்குகிற கடிதம், வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதையும் மறக்காமல் சொல்கிறது. புது வேலை கிடைத்த வைமாரில் சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கடவுளுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

வைமாரில் பிரபு வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட்டிடம் ஒன்பது வருடம் வேலை. 1713-இல் ஹாலே நகரத்துக்காரர்கள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பாக் ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் மறுத்தார். சில வாரத்தில் வைமாரில் பதவி உயர்வு. எங்களைக் காட்டித்தானே அங்கே சம்பளத்தை ஏற்றிக்கொண்டீர் என்று ஹாலேக்காரர்கள் குற்றம் சாட்ட, பாக் மனம் புண்பட்டு மறுப்புக் கடிதம் எழுதினார். 1716-இல் அதே ஹாலேக்காரர்கள் புது ஆர்கனைச் சோதிக்க அவரையே அழைத்து விருந்து வைத்தார்கள். மாட்டிறைச்சி, மீன், புகையில் வாட்டிய பன்றி, ஆட்டுக் கறி, கன்றுக் கறி, உருளை, பட்டாணி, ஆஸ்பரகஸ் என்று பட்டியல் நீள்கிறது. ஏமாந்தவன் இத்தனை போட்டான் என்றால் அது பெருந்தன்மை.

1717 இலையுதிர் காலத்தில் டிரெஸ்டனில் ஒரு போட்டி ஏற்பாடானது. பிரான்ஸிலிருந்து வந்திருந்த மார்ஷான் என்ற வித்வான் ஒரு பக்கம், பாக் ஒரு பக்கம். பெரிய மனிதர் வீட்டில் சபை கூடியாயிற்று, பாக் வந்தாயிற்று. மார்ஷானைக் காணோம். ஆள் விட்டுப் பார்த்தால், விடியற்காலை அவசர வண்டியில் ஊரை விட்டே ஓடிவிட்டாராம். பாக் தனியாக வாசித்தார். ராஜா 500 தாலர் பரிசு கொடுக்கச் சொன்னார். நடுவில் இருந்த அரண்மனை ஆசாமி, இந்தப் பணம் பாக்குக்குப் போவதைவிடத் தன்னிடம் இருப்பதே பொருத்தம் என்று முடிவு செய்தார். பாக் கைக்கு ஒரு காசு வரவில்லை. ராஜா உத்தரவு போட்டால் பயனாளிக்குப் போய்ச் சேராது என்பது எல்லாத் தேசத்துக்கும் பொது.

அதற்கு முந்தைய வருடக் கடைசியில் வைமாரில் தலைமை இசைஞர் பதவி காலியானபோது, செத்துப்போனவரின் மகனுக்கே அதைக் கொடுத்துவிட்டார்கள். பாக்குக்கு ரோஷம் வந்தது. கோத்தென் இளவரசர் லியோபோல்டிடம் வேலையை ஒப்புக்கொண்டு வைமாரில் ராஜினாமா கேட்டார். பிரபு முடியாது என்றார். பாக் கேட்டுக்கொண்டே இருந்தார். நவம்பர் 6 அன்று பிடித்து உள்ளே போட்டார்கள். விடுதலை கேட்டு ரொம்பப் பிடிவாதம் பிடித்தார் என்பதே குற்றம். டிசம்பர் 2 அன்று, தயவு இழந்தவர் என்று முத்திரை குத்தி வெளியே அனுப்பினார்கள்.

கோத்தென் இளவரசர் சங்கீதப் பைத்தியம். 400 தாலர் சம்பளம், நல்ல வாத்தியக் குழு, எவனும் மெமோ கொடுக்காத பொற்காலம். பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள் ஆறையும் 1721-இல் அங்கிருந்துதான் பிரதி எடுத்து ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பித்தார். நடுவில் இடியும் விழுந்தது. 1720-இல் இளவரசரோடு கார்ல்ஸ்பாட் போய்த் திரும்பியபோது மரியா பார்பரா இறந்து அடக்கமும் ஆகியிருந்தார். அந்த வருடக் கடைசியில் ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலயத்தில் இடம் காலி. பாக்கின் வாசிப்பைக் கேட்டு ஊர் சொக்கியது. ஆனால் வேலை போனது ஹைட்மன் என்பவருக்கு. அவர் 4000 மார்க் நன்கொடை கொடுத்திருந்தார். அந்தத் தேவாலயத்துப் போதகர் நொய்மைஸ்டர் எரிச்சலில் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். பெத்லகேம் தேவதூதனே இறங்கி வந்து வாசித்தாலும், கையில் பணம் இல்லாவிட்டால் வந்த வழியே பறந்து போக வேண்டியதுதான் என்ற பொருளில்.

1721-இல் அன்னா மாக்டலேனா என்ற இருபது வயதுப் பாடகியைப் பாக் மணந்தார். இரண்டு மனைவியர் மூலம் மொத்தம் 20 பிள்ளைகள், பெரியவர்களாக வளர்ந்தது பத்துப் பேர். அதே சமயம் இளவரசரும் கல்யாணம் செய்துகொண்டார். புது இளவரசிக்கு இசை பிடிக்காது. பொற்காலம் முடிந்தது.

1723-இல் லைப்சிக் நகரத்தில் புனித தோமா பள்ளியின் கேன்டர், அதாவது இசை ஆசிரியர் பதவி. நகரசபை முதலில் விரும்பியது டெலிமான் என்ற இசையமைப்பாளரை. அவர் அதைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டார். அடுத்து கிராப்னர், அவரை அவருடைய பிரபு விடவில்லை, அவருக்கும் சம்பளம் ஏறியது. லைப்சிக் நகரசபை ஊரெல்லாம் எல்லாருக்கும் இன்கிரிமென்ட் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் பிளாட்ஸ் என்ற உறுப்பினர், சிறந்தவர்கள் கிடைக்காத நிலையில் நடுத்தரமானவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பதிவு செய்தார். அந்த நடுத்தரம்தான் பாக்.

வேலையோ குறுக்கு ஒடியும் வேலை. ஞாயிறுதோறும், பண்டிகைதோறும் கன்டாட்டா என்ற பாட்டுத் தொகுப்பு வேண்டும். எழுத வேண்டும், மனைவியும் பிள்ளைகளும் மாணவர்களும் உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பமாகும் ஆராதனையில் பாட வேண்டும். இன்றைக்குக் கிடைப்பவை மட்டும் சுமார் 200. இதோடு பையன்களுக்குப் பாடம், விடுதி மேற்பார்வை. லத்தீன் வகுப்பைத் தள்ளிவிட, வருடத்துக்கு 50 தாலர் கைக்காசு கொடுத்து வேறொருவரை ஏற்பாடு செய்தார். இசை ரொம்ப நீளக் கூடாது, நாடகம் மாதிரி இருக்கக் கூடாது, மேயரைக் கேட்காமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்றும் நிபந்தனைகள்.

1730-இல் நகரசபை கூடி, கேன்டர் ஒன்றும் செய்வதில்லை, திருந்தாத ஜென்மம் என்று தீர்மானித்தது. மத்தேயுவின் பாடுகள் அரங்கேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. பாக் ஆகஸ்டில் நீண்ட அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். மாணவர்களில் தேறியவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, தேறவே மாட்டாதவர்கள் 17 என்று பெயர் வாரியாகப் பிரித்து எழுதினார். நகரசபை அசையவில்லை.

அக்டோபரில் டான்ஸிக்கில் இருந்த பழைய நண்பர் எர்ட்மனுக்கு, அங்கே ஏதாவது வேலை உண்டா என்று கடிதம். ஊரில் விலைவாசி அதிகம், மேலிடம் விசித்திரமானது, இசையில் அக்கறை இல்லை என்ற வழக்கமான புலம்பலோடு ஒரு பொருளாதார விளக்கமும் அதில் உண்டு. வருமானம் சுமார் 700 தாலர். அதில் சாவு வீட்டுப் படி முக்கியம். ஊரில் நிறையப் பேர் செத்தால் வரும்படி ஏறும், நல்ல காற்று வீசினால் இறங்கும். போன வருடம் காற்று நன்றாக இருந்துவிட்டதால் 100 தாலருக்கு மேல் நஷ்டம். மரணத்தைப் பற்றி அவர் எழுதிய இசையைக் கேட்டு உருகுகிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது.

நல்ல வேளையாக ஸிம்மர்மன் காப்பிக் கடை இருந்தது. 1729 முதல் மாணவர் இசைக் குழுவை வைத்து அங்கே கச்சேரி நடத்தினார். காப்பிப் பைத்தியம் பிடித்த பெண்ணும், அதை நிறுத்தச் சொல்லும் அப்பாவும் மோதுகிற காப்பி கன்டாட்டா அந்தச் சூழலில் பிறந்ததுதான். காப்பியை விட்டால் மாப்பிள்ளை பார்ப்பேன் என்கிறார் அப்பா. பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, காப்பிக்குத் தடை சொல்லாதவன்தான் மாப்பிள்ளை என்று ரகசியமாக நிபந்தனை போடுகிறாள்.

1736-இல் பள்ளித் தலைவர் எர்னெஸ்டியோடு போர். பையன் வயலின் வாசித்தால், சாராயக் கடையில் வாசிக்கப் போகிறாயா என்று கேட்கிற ஆள் அவர். மாணவர் தலைவனை நியமிக்கும் உரிமை யாருக்கு என்பதில் சண்டை. எர்னெஸ்டி நியமித்தவனைப் பாக் ஆராதனைக்கு நடுவிலேயே பாடல் மாடத்திலிருந்து விரட்டினார். மனுக்கள் நகரசபை தாண்டி ராஜா வரை போயின. அடுத்த வருடம் ஷைபே என்ற விமர்சகர், பாக்கின் இசை வீங்கிப்போய்க் குழப்பமாக இருக்கிறது என்று எழுதினார். இந்த ஷைபே 1729-இல் லைப்சிக்கில் ஆர்கன் வேலைக்கு வந்து கிடைக்காமல் போனவர், தேர்ந்தெடுத்தவர்களில் பாக்கும் ஒருவர் என்பதை இங்கே சேர்த்துப் படிக்கவும்.

1747-இல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக், போட்ஸ்டாம் அரண்மனையில் தானே ஒரு ஸ்வர வரிசையைக் கொடுத்து, இதை வைத்துப் பல குரல்கள் பின்னும் ஃபியூக் ஒன்று வாசியும் என்றார். கிழவர் நின்ற இடத்திலேயே கட்டிக் காட்டி, ஊருக்குப் போய் அதையே ஒரு புத்தகமாக்கி மன்னருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் உறவினர் ஒருவர் ஒரு பீப்பாய் ஒயின் அனுப்பினார். வழியில் ஒழுகி மூன்றில் ஒரு பங்கு காலி. பாக் நன்றி சொல்லி, வண்டிக் கூலி, சுங்கம், சோதனைக் கட்டணம் எல்லாம் குரோஷன் வாரியாகக் கூட்டிக் காட்டி, இலவசமாக வந்தாலும் கட்டுப்படியாகாது, இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதினார்.

1749 ஜூன் 8 அன்று லைப்சிக் நகரசபை, பாக் இறந்தால் அந்த இடத்துக்கு என்று ஹாரர் என்பவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிச் சோதித்தது. பாக் உயிரோடு அதே ஊரில்தான் இருந்தார். சபைக்கு மரியாதை கொடுத்து உடனே செத்துப்போக அவர் மறுத்துவிட்டார். பிறகு டெய்லர் என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியர் இரண்டு முறை கத்தி வைத்ததில் பார்வையும் போய், உடம்பும் குலைந்து, 1750 ஜூலை 28 அன்று காலமானார். இதே டெய்லர் பின்னாளில் ஹாண்டெல் கண்ணிலும் கை வைத்தார்.

பாக் பெரிய சங்கீத வித்வான்தான், ஆனால் நல்ல வாத்தியார் இல்லை என்று நகரசபையில் இரங்கல் தெரிவிக்கப்பட்டது. விதவைக்குக் கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்தார்கள். 1723-இல் பாக் வேலையில் சேர்ந்தபோது சில வாரச் சம்பளம் கூடுதலாகப் போய்விட்டதாம். 27 வருடத்துக்குப் பிறகு கணக்குத் தீர்க்கப்பட்டது. அன்னா மாக்டலேனா 1760-இல் தர்மப் பணத்தில் வாழ்ந்து இறந்தார்.

1829-இல் மெண்டல்சோன் என்ற இருபது வயதுப் பையன் பெர்லினில் மத்தேயுவின் பாடுகளை மறுபடி அரங்கேற்றியபோதுதான் உலகம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் பூமியின் இசையாக அனுப்பிய தட்டில் பாக்குக்கு மூன்று இடம். 1986-இல் இளையராஜா, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பெயர் வைத்து ஒரு படைப்பைச் செய்தார்.

உங்கள் அலுவலகத்திலும் லீவு போட்டால் திரும்பாத, சொன்ன பேச்சு கேட்காத, பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிற ஊழியர் ஒருவர் இருக்கலாம். உடனே அவரைப் பாக் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் வெறும் சோம்பேறிதான். இருந்தாலும் அவருக்கு மெமோ எழுதும்போது எழுத்துப் பிழை இல்லாமல், கையெழுத்தைத் தெளிவாகப் போடுங்கள். பிளாட்ஸ் என்ற நகரசபை உறுப்பினரை இன்றைக்கு நாலு பேருக்குத் தெரிகிறது என்றால், அது அவர் போட்ட அந்த ஒரு பதிவுக்காகத்தான்.